கொளு இழந்த பாட்டுகள்: ஈழத்துப் பொப்பிசையும் கல்வியுலகின் அலட்சியமும்

"பொப்பிசைக்கும் ஒரு வரலாறா?" என்னும் வினா தமிழ்க் கல்வியுலகில் இன்றும் ஏளனப் புன்னகையோடு எழுப்பப்படுவதாகும். இவ்வினாவினுள்ளே இரு கருத்துகள் மறைந்துள்ளன. பொப்பிசை தரம் தாழ்ந்தது என்பது ஒன்று. தரம் தாழ்ந்ததற்கு வரலாறு வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முதலாவது சுவை பற்றியது; அதன்கண் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கைக்கேற்ப வாதிடலாம். இரண்டாவது ஆராய்ச்சி நெறி பற்றியது. அதனை ஏற்றுக்கொண்ட கல்வியுலகம் தன் கடமையினின்றும் வழுவியதாகும். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையைப் பொறுத்தவரையில் அவ்வழு நிகழ்ந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

ஒரு பாட்டின் வரலாறு எனப்படுவது யாது? இதற்கு விடை கூறுதற்குத் தமிழ் மாணவர் மேலைநாடு செல்லவேண்டியதில்லை. சங்கச் செய்யுட்களின் அடியிலே அமைந்த கொளுவே அதற்கு விடை. பாடினோர் யார், பாடப்பட்டோர் யார், திணையும் துறையும் யாவை என்று இரண்டு வரியிலே கூறும் அக்குறிப்பு இல்லையாயின், புறநானூற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் பெரிதும் அரிதாகியிருக்கும். பெயர் தொலைந்தவிடத்து நிகழ்ந்தது யாதென்பதற்குக் குறுந்தொகையின் செம்புலப்பெயனீரார் சான்று. தாம் பாடிய உவமையே அவருக்குப் பெயராயிற்று; பெற்றோர் இட்ட பெயர் காற்றோடு போயிற்று. இசைத்தட்டின் நடுவிலே ஒட்டப்பட்டிருக்கும் வட்டச் சீட்டு இக்காலத்துக் கொளுவாகும். பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியிட்ட நிறுவனம், தட்டின் தொடரெண் ஆகியன அதிலே காணப்படும். வரிப்பள்ளம் முடியும் உள்விளிம்பிலே கீறப்பட்டிருக்கும் அச்சு எண், எந்த மூலப் பதிவிலிருந்து அத்தட்டு வார்க்கப்பட்டது என்பதை அறிய உதவும்.

இத்தகைய கொளுவைப் பேணியதனால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. பீற்றில்ஸ் குழுவினரின் முதலாவது இசைத்தட்டான 'லவ் மீ டூ' இரண்டரை நிமிடத்துக்கும் குறைந்த ஓர் எளிய காதற் பாட்டு. இலண்டனிலே ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் அபே வீதிக் கலையகத்தில் 1962ஆம் ஆண்டு அது மூன்று தடவை பதிவு செய்யப்பட்டது. யூன் 6ஆம் திகதி பீற் பெஸ்ற் முரசு வாசித்தார். செப்ரெம்பர் 4ஆம் திகதி றிங்கோ ஸ்ரார் வாசித்தார். ஒரு வாரத்தின் பின், 11ஆம் திகதி, அன்டி வைற் என்னும் தொழில்முறைக் கலைஞர் முரசுக்கு அமர்த்தப்பட, றிங்கோவின் கையிலே தம்புரின் என்னும் சலங்கைப்பறை கொடுக்கப்பட்டது. சலங்கை ஒலி கேட்டால் அது செப்ரெம்பர் 11ஆம் திகதிப் பதிவு. கேளாதாயின் அதற்கு முந்தியது. ஒக்டோபர் 5ஆம் திகதி வெளிவந்த தட்டு பிரித்தானிய விற்பனை வரிசையிலே 17ஆம் இடம் வரை ஏறியது. 1964 மே மாத இறுதியிலே ஐக்கிய அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. இருபது ஆண்டு நிறைவையொட்டி 1982இல் மீண்டும் வெளியிடப்பட்டபோது பிரித்தானியாவில் 4ஆம் இடத்தை எட்டியது.

இவ்விவரங்களின் பெறுமதி பாட்டின் பெறுமதியன்று, பதிவேட்டின் பெறுமதியாகும். அக்குழுவின் முகாமையாளர் தம் கடைக்கென ஆயிரக்கணக்கான தட்டுகளைத் தாமே வாங்கி வரிசையில் ஏற்றினார் என்னும் வதந்தி நெடுங்காலம் உலவியது. விற்பனை வரிசை என்னும் ஏடு இருந்தமையாலேயே அவ்வதந்தியைத் தானும் எடுத்து ஆராய முடிந்தது. மேலும், செப்ரெம்பர் 4ஆம் திகதிப் பதிவின் மூல நாடா பேணப்படாது போயிற்று. பிற்காலத்திலே அப்பதிவை மீண்டும் வெளியிட விரும்பியபோது, அக்காலத்தில் விற்பனையான பழைய தட்டொன்றிலிருந்தே ஒலியை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. உலகின் பெரும் இசைத்தட்டு நிறுவனமொன்றின் அலட்சியத்தை யாரோ ஒருவர் வீட்டிலே பேணிய ஒரு தட்டு ஈடுசெய்தது. இச்செய்தி கொழும்புக்கு உரியது என்பது பின்னர் விளங்கும்.

விற்பனை வரிசை என்னும் முறைதானும் கொழும்புக்குப் புதிதன்று. பிரித்தானியாவின் முதலாவது விற்பனை வரிசை 1952 நவம்பர் 14ஆம் திகதி ஓர் இசை வார ஏட்டிலே வெளிவந்தது. கடைகள் சிலவற்றைத் தொலைபேசியில் விசாரித்துத் தொகுத்த பட்டியலே அது. மூன்று வாரம் கழிவதற்கிடையில், அவ்வாண்டு டிசெம்பர் 3ஆம் திகதி, கொழும்பிலிருந்து இலங்கை வானொலி 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியை ஒலிபரப்பத் தொடங்கிற்று. இந்திய ஒலிபரப்புத்துறை அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களுக்கு இடமில்லை என்று தடுத்த காலம் அது. இரண்டாம் உலகப் போரிலே தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் பயன்படுத்திய வலிமைமிக்க ஒலிபரப்பி போரின் பின் இலங்கையின் கைக்கு வந்திருந்தது. 1950 செப்ரெம்பரிலே தொடங்கப்பட்ட வர்த்தக சேவை அவ்வொலிபரப்பியின் துணையோடு துணைக்கண்டம் முழுவதையும் கேட்போராக்கிக்கொண்டது. அமீன் சயானி பம்பாயிலே பேசிப் பதிவு செய்த நாடாக்கள் கொழும்புக்கு விமானத்தில் வந்தன. கடைகளின் விற்பனை அறிக்கைகளும் நேயர் மன்றங்களின் கடிதங்களும் எண்ணப்பட்டுப் பாடல்கள் வரிசைப்படுத்தப்பட்டன. இன்று இந்தித் திரைப்பாடலின் வரலாற்றை எழுதுவோர் எவரும் ஆண்டுதோறும் வெளிவந்த அவ்வரிசையைப் புறக்கணித்தல் இயலாது.

ஆகவே, பாட்டை எண்ணி வரிசைப்படுத்தி ஏட்டிலே எழுதும் கலையைக் கொழும்பு 1950களிலேயே அறிந்திருந்தது. பம்பாயின் பாட்டுக்குக் கொழும்பிலிருந்து கொளு எழுதப்பட்டது. கொழும்புத் தமிழனின் பாட்டுக்கு எழுதப்படவில்லை. இம்முரண்பாடே இங்கு ஆராயப்பட வேண்டியது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழரிடையே ஒரு புதிய பாட்டு முறை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பனவும், 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' எனப் புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரனின் பாடல்களும் அம்முறையின் முதன்மையான சான்றுகள். கிட்டாரும் கொங்கோ முரசும் பக்கவாத்தியங்களாயின. யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி தயக்கமின்றிப் பாட்டிலே ஏறியது. தென்னிந்தியத் திரைப்பாடலின் மொழியைத் தன் மொழியென்று நம்பிப் பழகிய செவிகளுக்குத் தம் வீட்டுத் திண்ணையிலே கேட்கும் தமிழ் வானொலியிலே கேட்டது. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, ஈழத்து இலக்கியம் அதனாற் பெற்ற ஊக்கத்தைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதப்பட்டன. அதே காலத்தில் ஈழத்துப் பாட்டு பெற்ற ஊக்கம் அப்பக்கங்களின் ஓரக் குறிப்பாகவேனும் இடம்பெற்றது அரிது.

இதற்குக் கூறப்படும் முதலாவது நியாயம், பொப்பிசை அந்நியப் போலி என்பதாகும். பைலாவின் தாளத்தையும் மேலைநாட்டுக் கிட்டாரையும் கடன்வாங்கியது தமிழிசையாகாது என்பர். கடன் வாங்கியமை உண்மை. போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாகப் பறங்கியரிடமும் காப்பிரியரிடமும் வழங்கிய கபிரிஞ்ஞாவின் துள்ளல் தாளம், பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் போன்றோர் வாயிலாகச் சிங்களப் பைலாவாயிற்று. அங்கிருந்து தமிழ்ப் பாட்டுக்கும் வந்தது. ஆயின், கடன்வாங்கிய இசை யாவும் போலியெனின் முத்துசுவாமி தீட்சிதரையும் அவ்வரிசையிலே நிறுத்த வேண்டும். ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்து நோட்டுஸ்வரங்களை ஆக்கியவர் அவர். கருநாடக இசைக் கச்சேரியிலே இன்று இன்றியமையாததாகிவிட்ட வயலினை மேலைநாட்டாரிடம் கற்றுக் கொணர்ந்தவர் அவர்தம் இளவல் பாலுசுவாமி. சபையோர் உவந்து கேட்கும் கடனுக்கு மரபென்று பெயர். கொட்டாஞ்சேனையார் ஆடிப் பாடும் கடனுக்குப் போலியென்று பெயர். இதனை இசையிலக்கணம் வகுத்ததெனல் பொருந்தாது. வர்க்க மனப்பான்மை வகுத்ததெனலே பொருந்தும்.

இம்மனப்பான்மை கொழும்பின் தெருக்களிலேயே குடியிருந்தது. வெள்ளவத்தை உத்தியோகத்தர் வீட்டு முன்மண்டபத்திலே மகள் வீணை பயின்றாள். அது பண்பாடு எனப்பட்டது. கொட்டாஞ்சேனையிலே தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் கொழும்புச் செட்டிகளும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்து, திருமண வீட்டிலே ஒருவர் பாட்டை மற்றவர் எடுத்துப் பாடினர். அது கூத்தடிப்பு எனப்பட்டது. உண்மையில் வீணை பயின்ற அதே வீட்டில், தகப்பனார் கந்தோருக்குச் சென்ற பின், வானொலிப் பெட்டியிலே பொப்பிசை கேட்டது. விருப்பம் இரு ஊருக்கும் பொதுவாயிருந்தது. அதை ஒப்புக்கொள்ளும் துணிவே வேறுபட்டது. கல்விமான்களுள் பெரும்பாலார் வெள்ளவத்தையின் வெளிவேடத்தை ஆராய்ச்சி அளவுகோலாகக் கொண்டனர்.

இரண்டாவது நியாயம், இவை கணநேரக் களிப்புக்குரியன, நிலைபேறு அற்றன என்பதாகும். இதற்குச் 'சுராங்கனி' ஒன்றே போதிய மறுப்பு. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சிங்களத்திலே சொல்லித் தமிழிலே தொடரும் இப்பாட்டு, மனோகரனின் குரலிலே கடல் கடந்தது. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் திரைப்படத்திலே இடம்பெற்றுத் தமிழகத்தின் சிற்றூர்கள்வரை சென்றது. பாடிய மனோகரனும் தமிழகத்திலே 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் நடிகராக அறியப்பட்டு, 2018 சனவரியில் சென்னையிலேயே காலமானார். இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு ஏற்றுமதியாகிப் பொதுமக்கள் வாயிலே நிலைத்த தமிழ்க் கலைப்படைப்புகளை எண்ணப் புகுந்தால் விரல்கள் மிஞ்சும். அச்சிலவற்றுள் இது ஒன்று. கணநேரக் களிப்பு என்று தள்ளப்பட்டது அரை நூற்றாண்டு வாழ்ந்துவிட்டது. அதனைத் தள்ளிய கட்டுரைகளுட் பல ஐந்தாண்டு தானும் வாழவில்லை.

அதனினும் முக்கியமானது மற்றொன்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் மொழியின் பெயரால் நாட்டைப் பிளந்தது. பிளந்த அந்நாட்டிலே இரு மொழியையும் ஒரே பல்லவியிலே கலந்து பாடிய பாட்டொன்றை இரு மொழியாரும் விரும்பிக் கேட்டனர். இது சமூகவியலாளன் கையிலே கிடைத்தற்கரிய சான்று. எத்தனை தட்டு எந்நகரில் விற்பனையாயிற்று, எந்தெந்த ஊரார் வானொலிக்கு எழுதிக் கேட்டனர் என்ற கணக்கு கையிலிருந்தால், 1970களின் இன உறவு பற்றிய ஆய்வுகளுக்கு அது ஒரு தனி அத்தியாயம் தந்திருக்கும். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவைக்கு ஈழத்தின் ஊர்களிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் நேயர்கள் அஞ்சலட்டை எழுதினர்; அவர்தம் பெயர்களும் ஊர்களும் ஒலிபரப்பிலே வாசிக்கப்பட்டன. அவ்வட்டைகள் மக்களே அளித்த வாக்குச் சீட்டுகள். அவற்றை எண்ணிப் பார்க்க எந்தப் பல்கலைக்கழகத் துறை முன்வந்தது?

இவ்விடத்திலே பொப்பிசை அபிமானிகளையும் விடுவித்தல் தகாது. கல்வியுலகம் கைவிட்ட வரலாற்றை அவர்கள் அன்போடு கையிலெடுத்தனர். ஆயின் நினைவை மட்டுமே கருவியாகக் கொண்டனர். அதன் விளைவு 'முதல்' என்னும் நோய். முதலாவது பொப் பாடகர், முதலாவது இசைத்தட்டு, முதலாவது மேடை என்று பட்டங்கள் பெருகின. பட்டத்துக்கு ஆதாரமான தட்டின் எண்ணோ வெளியீட்டுத் திகதியோ அருகிலே வைக்கப்படுவதில்லை. பாடகருக்கு மாலை விழுந்தது. கிட்டார் வாசித்தவனும் கொங்கோ தட்டியவனும் பாட்டு எழுதியவனும் மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டனர். புகழ்மாலை வரலாறாகாது. ஒரு பாட்டைத் தன்னதென்று இருவர் கூறுமிடத்து, அதிக ஆரவாரம் செய்பவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும் நிலை ஏற்படுவது ஏடில்லாமையின் நேர்விளைவாகும். சிங்களப் பொப்பிசையோடு ஒப்பிடுமிடத்து இக்குறை தெளிவாகும். 1960களில் கிளறன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்ரோன்ஸ்' குழுவினரோடு மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொணர்ந்தமையும், பின்னர் ஜெறல்ட் விக்கிரமசூரியவின் 'சூரியா' இசைத்தட்டுகள் அம்முறையைப் பரப்பியமையும் தொடர்ச்சியாக எடுத்துரைக்கப்படும் வரலாறாகிவிட்டன. ஒரு நிறுவனத்தின் தட்டுகள் ஒரு தொடரிலே கிடைப்பதே அதற்கு அடிப்படை. சிதறிய தமிழ்த் தட்டுகளைத் தொடராக்கும் பணி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காலம் அவற்றைக் குறைத்துக்கொண்டே வந்துள்ளது.

குறைத்தது காலம் மட்டுமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றைத் தமிழுலகம் அறியும். ஏனெனில் நூலுக்கு மதிப்புண்டு. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அலுமாரிகளிலே இருந்த இசைத்தட்டுகளும் நாடாக்களும் அவற்றோடு எரிந்தன என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அவ்வாரத்திலேயே ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் தீக்கிரையாகித் திரைப்படங்களின் மூலச்சுருள்கள் பல அழிந்தன. பிறகு தமிழர் புலம்பெயர்ந்தனர். இருபது கிலோப் பெட்டியிலே உறுதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் இடம்பெற்றன. இசைத்தட்டு இடம்பெற்றது அரிது. இன்று அப்பாட்டுகளுட் பல இணையத்திலே கேட்கக் கிடைக்கின்றன. ஒலி உண்டு, கொளு இல்லை. எந்தத் தட்டின் எந்தப் பதிவு, யார் வாசித்தது என்ற குறிப்பின்றி மிதக்கும் ஒலி, பாடினோர் பெயரற்ற ஏட்டுக்கு ஒப்பானது. அதனைக் கேட்டு மகிழலாம். சான்றாகக் காட்டல் இயலாது.

கல்வியுலகம் தன் மனத்தை மாற்றிக்கொள்ள வல்லது என்பதற்கு ஈழத்திலேயே முன்மாதிரி உண்டு. நாட்டுக்கூத்து பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே அதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றி, அண்ணாவிமாரை ஆசிரியராக மதித்து, கிராமங்களிலே மதிப்புப் பெறச் செய்தார். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போட்டில் வெளிவந்த தம் ஆய்வுநூலிலே சங்கச் செய்யுளை வாய்மொழிப் பாணர் மரபின் வழி நோக்கினார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாணனின் யாழுக்கு இத்துணை மதிப்பளித்த கல்வியுலகம், அந்நூல் வெளிவந்த நாட்களிலே கொழும்பு மேடைகளில் கிட்டாரோடு நின்ற பாணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறந்த பாணனே ஆராய்ச்சிக்குரியவன், உயிரோடிருப்பவன் ஏளனத்துக்குரியவன் என்பது ஆராய்ச்சி நெறியாகுமா?

செய்யவேண்டியது பெருஞ் செலவிலான காரியமன்று. ஒரு தமிழ்ச் சங்கம் ஓர் ஆண்டிலே தொடங்கக்கூடியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்தோர் வீடுகளிலும் எஞ்சியுள்ள தட்டுகளைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றின் இரு பக்கச் சீட்டையும் படம்பிடித்தல் முதற் பணி. தொடரெண், அச்சு எண், பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற ஒழுங்கிலே பட்டியலிடல் இரண்டாவது. உயிரோடுள்ள வாத்தியக் கலைஞரையும் ஒலிப்பதிவாளரையும் தேடிச் சென்று அவர்தம் கூற்றுகளைப் பதிவுசெய்து, கூறியவர் பெயரையும் நாளையும் உடனெழுதுதல் மூன்றாவது. கூற்றும் தட்டும் முரணுமிடத்து இரண்டையும் அருகருகே வைத்து, தீர்ப்பை அவசரப்படாது நிறுத்திவைத்தல் நான்காவது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டு நூலகத்தை ஆய்வாளருக்குத் திறந்துவிடுமாறு துறைகள் கூட்டாகக் கோருதல் ஐந்தாவது. இவற்றுள் எதற்கும் பொப்பிசையை விரும்பவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வெறுப்பவரும் செய்யலாம், வெறுப்புக்கும் ஆதாரம் வேண்டுமன்றோ?

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, எடுத்தால் ஓரம் சொரிந்தும் கட்டவிழ்த்தால் இதழ் முறிந்தும் போகும் ஏடுகளின் நிலையைப் பதிப்புரையிலே வருந்தி எழுதினார். அவர் பிறந்த மண்ணின் பல்கலைக்கழகங்களுக்கு அவ்வருத்தம் உரிமைச் சொத்து. திருமுறை கண்ட வரலாற்றையும் அவை அறியும். தில்லையிலே பூட்டிய அறையைத் திறந்தபோது புற்று மூடிய ஏடுகளுள் செல்லரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன என்பது அவ்வரலாறு. கிடைத்த பதிகங்களுக்குப் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே வந்த ஒரு பெண் எருக்கத்தம்புலியூரிலே உயிரோடிருந்தமையால் மட்டுமே பண் மீண்டது. ஈழத்துப் பொப்பிசையின் மரபிலே வந்தோர் இன்னும் சிலர் உயிரோடுள்ளனர். அவர்களுக்கு வயது எழுபதும் எண்பதும் ஆகிறது. புற்று மூடும்வரை காத்திருந்து பின்னர் ஆய்வரங்கு கூட்டுவதா, அன்றி இன்றே கதவைத் தட்டுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களே.